பகுதியில் ஒளிந்திருக்கும் எண்

(பின்னச் சமன்பாடுகள் பற்றிப் பெற்றோர்க்கும் பிள்ளைகட்கும் சில வார்த்தைகள்)

நம் பிள்ளைகள் கணக்கைக் கைவிடும் இடம் எது என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் சொல்வேன்: தெரியாத எண் கோட்டுக்குக் கீழே போய் உட்காரும் இடம். கூட்டல் கழித்தல் எல்லாம் ஒழுங்காகச் செய்து, எட்டாம் வகுப்பு வரை நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளை, பின்னத்தோடு கூடிய சமன்பாடு வந்ததும் பேனாவை மூடி வைத்து விடுகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளையும் அப்படித்தான். மூணாறு, பீர்மேடு, குமுளிப் பக்கத்துப் பிள்ளையும் அப்படித்தான். இந்த எல்லைப்புறத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

இது வெறும் ஒரு பாடத்தின் தொல்லை என்று விட்டுவிட முடியாது. கணக்கில் மதிப்பெண் குறைந்தால் பாலிடெக்னிக்கில் இடம் கிடைப்பது கடினம். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவைக் கேட்கவே பிள்ளை கூச்சப்படும். "எனக்குக் கணக்கு வராது" என்று பதினான்கு வயதில் ஒரு பிள்ளை தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக் கொண்டால், அதை மாற்றி எழுதப் பல ஆண்டுகள் ஆகும். லயத்தில் ஒற்றை அறையில் இருந்து கொண்டு, "என் பிள்ளையாவது கொழுந்துக் கூடை தூக்காமல் இருக்கட்டும்" என்று நினைக்கும் தாய்க்கு இந்த ஒரு பாடம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்குவோம்

நம் பிள்ளைகளுக்கு மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். தமிழில் பாடநூலும் உண்டு. ஆனால் டியூஷன் மலையாளத்தில் நடக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் ஆங்கிலத்தில் சொல்லித் தருவான். உடுமலையிலோ கம்பத்திலோ இருக்கும் மாமா மகன் தமிழ்நாட்டுப் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுப்பான். ஒரே கணக்கு மூன்று மொழியில் காதில் விழுகிறது.

பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பதைத் தமிழில் தொகுதி என்கிறோம்; கீழே இருப்பதைப் பகுதி என்கிறோம். மலையாளத்திலோ மேலே இருப்பது அம்சம். கீழே இருப்பது சேதம். கவனியுங்கள்: பேச்சு வழக்கில் 'பகுதி' என்றாலும் பங்கு, 'அம்சம்' என்றாலும் பங்கு. பொருள் ஒன்றுபோல் இருக்கிறது. இடமோ நேர் எதிர். தமிழில் பகுதி கீழே, மலையாளத்தில் அம்சம் மேலே! இதை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் பிள்ளை தலைகீழாகப் புரிந்து கொள்வதில் என்ன வியப்பு? 'சேதம்' என்றதும் மழையில் பயிர் சேதமானது நினைவுக்கு வந்து சிரிக்கும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அது வடமொழியில் வெட்டுதல் என்ற பொருளில் வந்த சொல். ஒரு பொருளை எத்தனை துண்டாக வெட்டினோம் என்று கீழே இருக்கும் எண் சொல்கிறது.

இதைப் போலவே நாம் சமன்பாடு என்பதை அவர்கள் சமவாக்யம் என்பார்கள். நாம் மாறி என்பதை அவர்கள் சரம் என்பார்கள். பூச்சரம் அல்ல, நிலையாக இல்லாமல் அசைவது என்று பொருள். நாம் மீச்சிறு பொது மடங்கு, சுருக்கமாக மீ.பொ.ம. என்பதை அவர்கள் லசாகு என்பார்கள். இந்த ஐந்து சொற்களையும் ஒரு தாளில் இரண்டு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பாதிப் பயம் அன்றே போய்விடும்.

தெரியாத எண் ஏன் கீழே போகிறது?

கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறும் பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் திருவிழாவுக்குப் போக ஒரு ஜீப்பை 1200 ரூபாய்க்குப் பேசுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். எட்டுப் பேர் என்றால் தலைக்கு எவ்வளவு? 1200 ஐ 8 ஆல் வகுத்தால் 150. இதை யாரும் தாளில் எழுதிப் போடுவதில்லை.

இப்போது எத்தனை பேர் என்பது தெரியாது. தெரியாத எண்ணை 'ய' என்று வைத்துக் கொள்வோம். பாடநூலில் ஆங்கில எழுத்து இருக்கும். எந்த எழுத்தானாலும் கணக்கு ஒன்றுதான். 'ய' என்று நான் எடுத்துக் கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1150ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியார் தம் பீஜகணிதத்தில் தெரியாத எண்ணை 'யாவத் தாவத்' (எவ்வளவோ அவ்வளவு) என்று சொல்லி, 'யா' என்று சுருக்கிக் குறித்தார். அந்த எழுத்தே நமக்கும் இருக்கட்டும்.

தலைக்கு ஆகும் பணம் 1200/ய. அச்சு வசதிக்காகச் சாய்கோடு போடுகிறேன். கோட்டுக்கு முன்னால் இருப்பது மேலே, பின்னால் இருப்பது கீழே என்று படித்துக் கொள்ளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு வேகம், எத்தனை மணி நேரம் என்று 'பங்கு போடும் எண்' தெரியாத போதெல்லாம் அது கீழேதான் போகும். ஆகவே பின்னச் சமன்பாடு என்பது வாத்தியார்கள் பிள்ளைகளை வருத்தக் கண்டுபிடித்ததல்ல. தலைக்கு எவ்வளவு என்று கேட்கும் இடமெல்லாம் அது இருக்கிறது.

ஆழாக்கில் இருக்கிறது சூட்சுமம்

நம் முன்னோர் பின்னத்துக்கு அஞ்சியவர்கள் அல்லர். முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பேசியவர்கள். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற தமிழ்க் கணக்கு நூல்கள் இவற்றை வைத்தே கணக்குப் போட்டன.

அரைப் படி அரிசியும் கால் படி அரிசியும் சேர்த்தால் எவ்வளவு? பழைய அளவில் எட்டு ஆழாக்கு ஒரு படி. அரைப் படி 4 ஆழாக்கு. கால் படி 2 ஆழாக்கு. ஆக 6 ஆழாக்கு. பாட்டிமார் பின்னத்தையே தொடவில்லை. எல்லாவற்றையும் ஒரே சிறிய அளவுக்கு மாற்றினார்கள். பின்னம் மறைந்து முழு எண்ணானது. மீ.பொ.ம. கண்டு பெருக்குவது என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

எளிய கணக்கொன்று பார்ப்போம்.

ய/3 + ய/4 = 7

3க்கும் 4க்கும் மீ.பொ.ம. 12. சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பையும் 12 ஆல் பெருக்குகிறோம்.

4ய + 3ய = 84
7ய = 84
ய = 12

சரிபார்ப்போம்: 12/3 என்பது 4, 12/4 என்பது 3, கூட்டினால் 7. சரி.

தராசின் இரு தட்டிலும் இருப்பதைப் பன்னிரண்டு மடங்காக்கினால் தராசு சாயாது. அந்த ஒரு நியாயத்தின் மேல்தான் எல்லாம் நிற்கிறது.

கீழே எழுத்து வந்தாலும் வழி அதுதான்

6/ய + 1/2 = 2

கீழே இருப்பவை ய, 2. இரண்டுக்கும் பொதுவான மடங்கு 2ய. ஒவ்வொரு உறுப்பையும் 2ய ஆல் பெருக்குவோம்.

6/ய ஐப் பெருக்கினால் 12. 1/2 ஐப் பெருக்கினால் ய. வலப்பக்கத்து 2 ஐப் பெருக்கினால் 4ய.

12 + ய = 4ய
12 = 3ய
ய = 4

சரிபார்ப்போம்: 6/4 என்பது ஒன்றரை, அதோடு அரை சேர்த்தால் 2. சரி.

இந்தச் சிறு கணக்கிலேயே பிள்ளைகள் செய்யும் இரண்டு பெரிய பிழைகளும் இருக்கின்றன.

முதலாவது, பின்னங்களை மட்டும் பெருக்கிவிட்டு, வலப்பக்கத்தில் தனியாக நிற்கும் 2 ஐ அப்படியே விட்டு விடுவது. அப்போது 12 + ய = 2 என்றாகி, ய = −10 என்று வரும். போட்டுப் பாருங்கள்: 6/(−10) + 1/2 என்பது −0.1 தான், 2 அல்ல. பின்னமாக இல்லாத உறுப்புக்கும் பெருக்கல் உண்டு. பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் பரிமாற வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தவரை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, குறுக்குப் பெருக்கலைக் கண்ட இடத்தில் எல்லாம் போடுவது. இடப்பக்கம் ஒரே ஒரு பின்னம், வலப்பக்கம் ஒரே ஒரு பின்னம் என்று நின்றால் மட்டுமே குறுக்குப் பெருக்கல் செல்லும். எடுத்துக்காட்டாக 4/(ய−1) = 3/(ய−2) என்றால் 4(ய−2) = 3(ய−1) என்று எழுதலாம்; 4ய − 8 = 3ய − 3; ய = 5. ஆனால் நடுவில் ஒரு கூட்டல் குறி நின்றால் குறுக்கே போகக் கூடாது. குறுக்குப் பெருக்கல் தனி விதி அல்ல. இரண்டு பகுதிகளாலும் இரு பக்கமும் பெருக்குவதன் சுருக்கு வழிதான். காரணம் தெரிந்தவன் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அறிவான்; சூத்திரத்தை மட்டும் அறிந்தவன் தடுமாறுவான்.

மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லி விடுகிறேன். (ய + 3)/3 என்பதில் மேலே உள்ள 3 ஐயும் கீழே உள்ள 3 ஐயும் அடித்துவிட்டு ய என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ய வுக்குப் பதில் 5 ஐப் போடச் சொல்லுங்கள். 8/3 வருமே தவிர 5 வராது. பெருக்கலாகச் சேர்ந்திருப்பதை அடிக்கலாம். கூட்டலாகச் சேர்ந்திருப்பதை அடிக்கக் கூடாது.

தொட்டியும் குழாயும்

மலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஊற்றிலிருந்து வரும் குழாய் தனியாக அதை 6 மணி நேரத்தில் நிரப்பும். கூடவே மோட்டாரையும் போட்டால் 4 மணி நேரத்தில் நிரம்புகிறது. மோட்டார் மட்டும் ஓடினால் எத்தனை மணி நேரம் ஆகும்?

இங்கே பிள்ளைகள் 6 இலிருந்து 4 ஐக் கழித்து 2 என்பார்கள். மோட்டார் தனியாகவே 2 மணி நேரத்தில் நிரப்புமானால், ஊற்றுக் குழாயும் சேர்ந்த பிறகு 4 மணி நேரம் ஏன் ஆகிறது? ஒரு நிமிடம் யோசித்தால் அது பொருந்தாது என்று தெரியும். நேரங்களைக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. ஒரு மணி நேரத்தில் நடக்கும் வேலையைத்தான் கூட்ட வேண்டும்.

ஊற்றுக் குழாய் ஒரு மணி நேரத்தில் தொட்டியில் ஆறில் ஒரு பங்கு நிரப்பும். மோட்டார் 1/ய பங்கு. இரண்டும் சேர்ந்து நாலில் ஒரு பங்கு.

1/6 + 1/ய = 1/4

6, ய, 4 மூன்றுக்கும் மீ.பொ.ம. 12ய.

2ய + 12 = 3ய
ய = 12

மோட்டாருக்கு 12 மணி நேரம். சரிபார்க்க: 1/6 + 1/12 = 3/12 = 1/4. சரி.

இவ்வகைக் கணக்கு நேற்று வந்ததல்ல. பாஸ்கராசாரியாரின் லீலாவதியிலேயே இதற்கு அண்ணன் முறையான ஒன்று உண்டு. நான்கு நீரூற்றுகள் ஒரு குளத்தைத் தனித்தனியே ஒரு நாள், அரை நாள், மூன்றில் ஒரு நாள், ஆறில் ஒரு நாளில் நிரப்பும். நான்கையும் ஒரே சமயத்தில் திறந்தால் எப்போது நிரம்பும் என்பது கேள்வி. ஒரு நாளில் அவை முறையே 1, 2, 3, 6 குளங்களை நிரப்பும். ஆக 12 குளம். எனவே ஒரு குளம் நிரம்ப நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 2 மணி நேரம் போதும்.

மேலே கண்ட அதே சமன்பாட்டை இயற்பியல் ஆசிரியரும் எழுதுவார். 6 ஓம் மின்தடையோடு இன்னொரு மின்தடையைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகிறது. அந்த இன்னொன்று எவ்வளவு? 1/6 + 1/ய = 1/4. விடை 12 ஓம். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. லென்ஸின் குவியத் தூரம் காணும் சூத்திரமும் இதே குடும்பந்தான். இந்தப் பாடத்தைப் பிடித்த பிள்ளைக்கு அறிவியலிலும் மதிப்பெண் கூடும்.

விடை வந்தது, ஆனால் அது விடையா?

இப்போது இந்தப் பாடத்தின் உயிர்நாடிக்கு வருகிறோம். பின்வரும் கணக்கைப் பாருங்கள்.

ய/(ய−3) = 3/(ய−3) + 4

ஒவ்வொரு உறுப்பையும் (ய−3) ஆல் பெருக்குவோம்.

ய = 3 + 4(ய−3)
ய = 4ய − 9
ய = 3

வழியில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் 3 ஐ முதல் வரியில் போட்டுப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே 3 − 3, அதாவது பூச்சியம்! பூச்சியத்தால் வகுக்க முடியாது. 12 ஐப் பூச்சியத்தால் வகுத்தால் என்ன என்று கேட்பது, பூச்சியத்தை எந்த எண்ணால் பெருக்கினால் 12 வரும் என்று கேட்பதாகும். அப்படி ஒரு எண் கிடையாது. எட்டு ரொட்டியை எட்டுப் பேருக்குப் பங்கு போடலாம். ஒருவருமே இல்லாத வீட்டில் தலைக்கு எத்தனை ரொட்டி என்று கேட்டால் என்ன சொல்வது?

நம் நாட்டு அறிஞர்களே இதனோடு நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். 628இல் பிரம்மகுப்தர் பூச்சியத்துக்கு விதிகள் வகுத்தபோது, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால் பூச்சியம் என்றார். பின்னர் பாஸ்கராசாரியார், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் வருவதைக் கஹரம் என்று பெயரிட்டு, அதை எல்லையற்றதாகக் கொண்டார். இன்றைய கணிதம் பூச்சியத்தால் வகுப்பதற்குப் பொருளே இல்லை என்று தீர்மானித்து அந்த வாசலை மூடிவிட்டது. அவ்வளவு பெரியவர்கள் தடுமாறிய இடத்தில் நம் பிள்ளை தடுமாறுவதற்கு நாம் கோபிக்கலாமா?

எனவே மேலே கண்ட சமன்பாட்டுக்குத் தீர்வு இல்லை என்பதே சரியான விடை. ய = 3 என்பது வேடமிட்டு வந்த போலி.

அது எப்படி உள்ளே நுழைந்தது? இரு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்கலாம் என்றோமே, அந்த எண் பூச்சியமாக இருந்தால் என்ன ஆகும்? 5 = 7 என்பது பொய். இரு பக்கத்தையும் பூச்சியத்தால் பெருக்குங்கள்: 0 = 0. பொய் மெய்யாகிவிட்டது! நாம் (ய−3) ஆல் பெருக்கியபோது, ய = 3 ஆக இருந்தால் பூச்சியத்தால் பெருக்கியவர்கள் ஆகிறோம். அந்தக் கதவு வழியாகத்தான் போலி விடை நுழைகிறது.

சில கணக்குகளில் ஒன்று மெய்யாகவும் மற்றொன்று போலியாகவும் கலந்து வரும்.

ய²/(ய−2) = (3ய−2)/(ய−2)

(ய−2) ஆல் பெருக்கினால் ய² − 3ய + 2 = 0. காரணிப்படுத்தினால் (ய−1)(ய−2) = 0. ஆகவே ய = 1 அல்லது ய = 2. இதில் 2 கீழே பூச்சியத்தைக் கொண்டு வரும், தள்ளிவிட வேண்டும். ய = 1 ஐப் போட்டால் இரு பக்கமும் −1. ஆகவே விடை 1 மட்டும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கணக்கைத் தொடங்கும் முன்பே, கோட்டுக்குக் கீழே பூச்சியத்தைக் கொண்டு வரும் எண்கள் எவை என்று பார்த்து, தாளின் ஓரத்தில் 'ய = 2 கூடாது' என்று எழுதி வைக்க வேண்டும். வாசலில் காவல்காரனை நிறுத்திவிட்டுப் பந்தியைத் தொடங்குவது போல.

கீழே இருப்பவை பெரிதாகத் தோன்றினால் முதலில் காரணிப்படுத்திப் பாருங்கள்.

2/(ய−1) + 3/(ய+1) = 9/(ய²−1)

ய²−1 என்பது (ய−1)(ய+1) தானே? ஆகவே மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டியதில்லை, மீ.பொ.ம. (ய−1)(ய+1) மட்டுமே. ஓரத்தில் எழுதுக: 1 கூடாது, −1 கூடாது. பிறகு,

2(ய+1) + 3(ய−1) = 9
5ய − 1 = 9
ய = 2

சரிபார்க்க: 2/1 + 3/3 = 3; வலப்பக்கம் 9/3 = 3. சரி.

மீண்டும் ஜீப்புக்கு

1200 ரூபாய்க்குப் பேசிய ஜீப்பில் கடைசி நேரத்தில் இருவர் வரவில்லை. அதனால் ஒவ்வொருவரும் 50 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதலில் வருவதாக இருந்தவர்கள் எத்தனை பேர்?

1200/(ய−2) − 1200/ய = 50

ஓரத்தில்: 0 கூடாது, 2 கூடாது. ய(ய−2) ஆல் பெருக்குவோம்.

1200ய − 1200(ய−2) = 50ய(ய−2)
2400 = 50(ய² − 2ய)
ய² − 2ய − 48 = 0
(ய−8)(ய+6) = 0

ய = 8 அல்லது ய = −6. எட்டுப் பேர் என்றால் தலைக்கு 150, ஆறு பேர் என்றால் 200, வேறுபாடு 50. சரி.

−6 என்ன ஆனது? அதைச் சமன்பாட்டில் போட்டாலும் 50 சரியாகவே வருகிறது. கீழே பூச்சியமும் வரவில்லை. ஆனால் மைனஸ் ஆறு பேர் ஜீப்பில் ஏற முடியாது! முன்பு வந்த போலி சமன்பாட்டுக்கே பொருந்தாதது. இதுவோ சமன்பாட்டுக்குப் பொருந்தும்; கதைக்குப் பொருந்தாது. தேர்வில் இரண்டையும் தள்ளும்போது ஏன் தள்ளுகிறோம் என்ற காரணத்தை ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிதான் புரிந்து போட்டவனையும் மனப்பாடம் செய்தவனையும் பிரித்துக் காட்டும்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

"நாங்கள் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள், இதில் எங்களுக்கு என்ன தெரியும் சார்?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விடையைக் கண்டுபிடிக்க இயற்கணிதம் வேண்டும். கண்டுபிடித்த விடையைச் சரிபார்க்கப் பின்னக் கணக்கு மட்டும் போதும். பிள்ளை ய = 4 என்று சொன்னால், "முதல் வரியில் 4 ஐப் போட்டுக் காட்டு கண்ணு" என்று கேளுங்கள். ஆறை நாலால் வகுத்தால் ஒன்றரை, அதோடு அரை சேர்ந்தால் இரண்டு என்று கடைக்கணக்குப் போடும் எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். வேறு எந்தப் பாடத்திலும் வீட்டில் இருப்பவர் இவ்வளவு உறுதியாகச் சரி, தப்பு என்று சொல்ல முடியாது.

எனவே மாலையில் பிள்ளை கணக்குப் போடும்போது மூன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: கீழே பூச்சியம் வரவைக்கும் எண்ணை ஓரத்தில் எழுதினாயா? இரண்டு: எல்லா உறுப்பையும் பெருக்கினாயா, ஓரத்தில் நிற்பதை விட்டுவிட்டாயா? மூன்று: வந்த விடையை முதல் வரியில் போட்டுப் பார்த்தாயா? இந்த மூன்றையும் கேட்க ஒரு பட்டமும் தேவையில்லை.

தமிழில் படித்தால் மேலே போகும்போது கஷ்டப்படும் என்று அஞ்சுவோர்க்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இதே கேரள மண்ணில் 1530ஆம் ஆண்டை ஒட்டி ஜ்யேஷ்டதேவர் என்பவர் யுக்திபாஷா என்ற கணித நூலை எழுதினார். அக்காலத்துப் பண்டிதர் வழக்கப்படி வடமொழிச் செய்யுளில் எழுதாமல், மக்கள் பேசும் மலையாளத்தில் உரைநடையாக எழுதினார். பின்னங்களில் தொடங்கி, முடிவிலாத் தொடர்கள் வரை காரணத்தோடு விளக்கினார். காரணம் கேட்கவும் சொல்லவும் தாய்மொழியே எளிது. சொற்கள் பின்னால் மாறலாம். பிளஸ் டூவில் ஆங்கிலச் சொற்களைப் பழகிக் கொள்ள ஒரு மாதம் போதும். காரணம் புரியாமல் போனால் எந்த மொழியிலும் ஈடுகட்ட முடியாது.

வீட்டில் போட்டுப் பார்க்க

1. 5/ய + 1/3 = 2

2. ஒரு வரப்பு வேலையை ஒருவர் 10 நாளிலும் மற்றவர் 15 நாளிலும் முடிப்பார்கள். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?

3. 2ய/(ய−5) = 10/(ய−5)

4. மூணாற்றிலிருந்து போடிப் பக்கம் போகும் மலைப்பாதையில் 60 கி.மீ. தொலைவை ஒரு லாரி கடக்கிறது. ஏறும்போது இருந்த வேகத்தை விட இறங்கும்போது மணிக்கு 10 கி.மீ. கூடுதல் வேகம், ஒரு மணி நேரம் மிச்சமாகிறது. ஏறும்போது வேகம் என்ன?

விடைகள்: (1) 3. (2) 6 நாள். (3) தீர்வு இல்லை, 5 கூடாது. (4) மணிக்கு 20 கி.மீ.; −30 சமன்பாட்டுக்குப் பொருந்தினாலும் கதைக்குப் பொருந்தாது.

விடையைப் பார்க்கும் முன் நீங்களே சரிபார்த்துக் கொள்ளுங்கள் பிள்ளைகளே. சரிபார்க்கத் தெரிந்தவனுக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் தேவையில்லை. பக்கத்துப் பையனின் தாளும் தேவையில்லை.